மைனஸ் பதினாலு டிகிரி மரக்காணம்

காலை ஒன்பதரை மணிக்கு அமுதவல்லி ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, நேற்று சாயங்காலம் வரைக்கும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த வானிலைப் படம் காணாமல் போயிருந்தது. மரக்காணமும் கடலும் உப்பளமும் கலர் கலராகத் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் கட்டம். அதற்கு நடுவில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி: சேமித்து வைத்த டேட்டா கிடைக்கவில்லை.

பத்தரைக்குக் கூட்டம். அந்தப் படத்தைக் காட்டுவதற்காகத்தான் கூட்டமே.

அமுதவல்லி கிளியனூர்க்காரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கிழக்கு உப்பள உரிமையாளர் சங்கத்தில் இரண்டு வருஷமாக எழுத்தர். எழுத்தர் என்று போர்டில்தான் இருந்தது. கடிதம் டைப் அடிப்பது, பிரின்டருக்குள் மாட்டிக்கொண்ட பேப்பரை எடுப்பது, அதே பிரின்டருக்குள் மாட்டிக்கொண்ட பல்லியை எடுப்பது, உறுப்பினர்களின் போனில் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுப்பது என்று எல்லாம் அவள் தலையில்தான்.

வானிலைப் படம் அவளுடைய சொந்த யோசனை. அதற்கு முன்னால் சங்கத்துக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்தது தனக்கோடி என்கிற உறுப்பினரின் இடது முட்டி. முட்டி வலித்தால் மழை, வலிக்காவிட்டால் வெயில். இருபது வருஷமாக அந்த முட்டியை நம்பித்தான் உப்பைக் குவிப்பதும் மூடுவதும். போன ஐப்பசியில் முட்டி ஏமாற்றிவிட்டது. அப்போது அமுதவல்லி எழுந்து நின்று, சென்னையிலிருந்து ஆள் வரவழைத்து மொட்டை மாடியில் காற்றும் மழையும் அளக்கிற கருவி வைக்கலாம், தினமும் விடியற்காலையில் வானிலைக் கணக்கு இன்டர்நெட்டிலிருந்து இறங்கி நம்ம கம்ப்யூட்டரிலேயே சேர்ந்துவிடும், அப்புறம் நெட் போனாலும் படம் போகாது என்று சொன்னாள். "நெட் போனாலும் படம் போகாது" என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னாள். அதற்குத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு எட்டு மணிக்கு ஈ.சி.ஆரில் யாரோ பள்ளம் தோண்டி கேபிளை வெட்டிவிட்டார்கள். நெட்டும் போய்விட்டது, படமும் போய்விட்டது.

தலைவர் புருஷோத்தமன் உள்ளே வந்தார். கத்திரி வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக மின்விசிறிக்கு அடியில் போய் நின்றுகொண்டார்.

"என்னம்மா, படம் ரெடியா?"

"டேட்டா கிடைக்கலன்னு சொல்லுது சார்."

"அவ்ளோதானே!" தலைவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "எங்கிட்ட ஒன்றரை ஜிபி இருக்குது. ராத்திரி பன்னெண்டோட முடிஞ்சுடும். எடுத்துக்கோ."

"அந்த டேட்டா இல்ல சார். இது வானிலை டேட்டா. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்குது. லோக்கல்."

தலைவர் முகம் மாறிவிட்டது. "லோக்கலா? நான் அந்த மெட்ராஸ்காரன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எல்லாம் ஒரிஜினலா போடுப்பான்னு! லோக்கல் சரக்கைத் தள்ளிட்டுப் போயிட்டானா?"

"லோக்கல்னா மட்டம்னு அர்த்தம் இல்ல சார். வெளியில எங்கயும் இல்லாம நம்மகிட்டயே இருக்குதுன்னு அர்த்தம்."

"நம்மகிட்டயே இருக்கறது நமக்கு எப்படிம்மா கிடைக்காமப் போகும்?"

நியாயமான கேள்விதான். சென்னை இன்ஜினியரைப் போனில் பிடிக்கலாம் என்றால் ஆபீஸுக்குள் அவளுடைய போன் கம்பெனிக்குச் சிக்னல் வராது. எதிர் டீக்கடையின் கரண்ட் கம்பத்துக்கு அடியில்தான் இரண்டு கோடு வரும்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம். எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இன்ஜினியர் நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சு நீளம். அந்த மென்பொருள் எந்தக் குளிர் தேசத்துப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பித்தார். "அதுக்கு டேட்டா எந்த ஃபோல்டர்ல இருக்குதுன்னு விலாசம் கொடுத்திருக்கோம்மா. ஒரு எழுத்து மாறினாலும் அந்த வீட்டுக்குப் போகாது. யாராவது பேரை மாத்தினீங்களா பாருங்க. இன்னொண்ணு, டேட்டா கிடைக்கலன்னா, மென்பொருளோடயே வர்ற சாம்பிள் படத்தைக் காட்டட்டுமான்னு கேட்கும். ஓகே கொடுத்துடாதீங்க. அது அவங்க ஊர்ப் படம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீ மாஸ்டரின் போன் டிங் என்றது. மாஸ்டர் ஒரு கையால் டீயை ஆற்றிக்கொண்டே மறு கையால் தட்டினார். தலைவரின் குரல் தெரு முழுக்க ஒலித்தது.

"உப்பு நண்பர்கள் குழுவிலே உள்ள எல்லாருக்கும் வணக்கம். நம்ம சங்கத்தோட கம்ப்யூட்டர் இப்பதான் காட்டியிருக்குது. இன்னிக்குச் சாயங்காலம் மரக்காணத்துல மைனஸ் பதினாலு டிகிரி. இருபத்திரண்டு சென்டிமீட்டர் பனி. சாதாப் பனி இல்ல, காஷ்மீர் பனி. உப்பை மூடுங்க, குழந்தைங்களுக்கு ஸ்வெட்டர் போடுங்க. யாரும் பதற்றப்பட வேணாம். நன்றி."

அமுதவல்லி போனை வைக்காமலே ஓடினாள். இன்ஜினியர் அவள் கைக்குள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

ஆபீஸில் தலைவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் படம் வந்திருந்தது. நீலம், வெள்ளை, இன்னும் அதிக வெள்ளை. மேலே கொட்டை எழுத்தில் 'மரக்காணம்'. அந்தத் தலைப்பை மூன்று மாதத்துக்கு முன்னால் ஆசையாக டைப் அடித்தது அவள்தான். எந்த ஊர் டேட்டா வந்தாலும் அதே தலைப்பு வரும் என்று அப்போது தோன்றவில்லை.

"ஏதோ கேட்டுதும்மா, ஓகே கொடுத்தேன். வந்துடுச்சு பாரு" என்றார் தலைவர், தானே ரிப்பேர் செய்துவிட்ட பெருமையோடு.

"சார், இது நம்ம ஊர் இல்ல. இது சாம்பிள்."

"சாம்பிளா?" தலைவர் எழுந்தேவிட்டார். "சாம்பிளே மைனஸ் பதினாலுன்னா, முழுசா வந்தா என்னம்மா ஆகறது?"

விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். பத்தரைக் கூட்டத்துக்குப் பதினொன்றரைக்கு வருகிற கூட்டம் அது. பனி என்றதும் பத்தேகாலுக்கே நாற்காலி நிறைந்துவிட்டது. தனக்கோடி, சபரிமலைக்குப் போனபோது வாங்கிய குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வேர்வை ஆறாக ஓடியது.

"உங்க முட்டி என்ன சொல்லுது?" என்று ஒருவர் அவரைக் கேட்டார்.

"மழைன்னா சொல்லும். பனிக்கு அதுக்குப் பழக்கமில்ல" என்றார் தனக்கோடி, குல்லாய்க்குள்ளிருந்து.

பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "எனக்கு ஒரு சந்தேகம். உப்பும் வெள்ளை, பனியும் வெள்ளை. வெள்ளை மேல வெள்ளை விழுந்தா எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"நாக்குல வச்சுப் பாத்தாத் தெரியாதா?"

"பத்து ஏக்கரையும் நாக்குலயா?"

அதற்கு மேல் விவாதம் எங்கெங்கோ போனது. பனி உருகினால் பாத்தியில் நல்ல தண்ணீர் ஏறி உப்பின் கரிப்பு குறைந்துவிடும் என்றார் ஒருவர். உப்பு பட்டால் பனியே உருகிவிடும், ஐஸ் வண்டிக்காரனைக் கேட்டுப் பார் என்றார் இன்னொருவர். அப்படியானால் நம்ம உப்பை ஊட்டிக்கு அனுப்பலாமே என்றார் மூன்றாமவர். குயிலாப்பாளையத்தில் விருந்தினர் விடுதி நடத்துகிற யாரோ தலைவருக்குப் போன் செய்து, பனி எத்தனை மணிக்கு, வெள்ளைக்காரர்கள் நாலு பேர் பைக்கில் கிளம்பி நிற்கிறார்கள் என்று கேட்டார். "அஞ்சு மணிக்கு மேல" என்று தலைவர் உறுதியாகச் சொன்னார்.

அமுதவல்லி யாரையும் பார்க்கவில்லை. காதுக்குள் இன்ஜினியர் சொன்னது மட்டும் இருந்தது: ஒரு எழுத்து மாறினாலும். அவள் மென்பொருளின் செட்டிங்ஸைத் திறந்தாள். டேட்டா இருக்கும் இடம்: டி டிரைவ், வானிலை ஃபோல்டர், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டர். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில், அவளே கொடுத்த விலாசம். சரியாகத்தான் இருந்தது. பிறகு அந்த டி டிரைவையே திறந்து பார்த்தாள்.

மவுஸை விட்டுவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

உள்ளே இருந்த ஒவ்வொரு ஃபோல்டரின் பெயருக்கு முன்னாலும் ஒரு 'உ' இருந்தது. வானிலைக்கு முன்னால் உ. டேட்டாவுக்கு முன்னால் உ. கூட்டத் தீர்மானங்களுக்கு முன்னால் உ. குப்பை என்று அவள் பெயர் வைத்திருந்த ஃபோல்டருக்கு முன்னால்கூட உ.

"சார்... இது என்ன?"

தலைவர் எட்டிப் பார்த்தார். "பிள்ளையார் சுழிம்மா. நேத்து நீ கிளம்பினப்புறம் பாத்தேன். இவ்ளோ ஃபைல் இருக்குது, ஒண்ணுலகூட சுழி இல்ல. பேரு மாத்தறது எப்படின்னு நீதானே அன்னிக்குக் காட்டிக் கொடுத்தே? ஒவ்வொண்ணா உக்காந்து போட்டேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"அதனாலதான் சார் டேட்டா கிடைக்கல! அது பழைய பேருல போய்த் தேடுது. இங்க வேற பேரு இருக்குது."

"அப்ப புதுப் பேரை அதுக்குச் சொல்லேன்."

அதையும் செய்து பார்த்தாள். விலாசத்தில் உ போட்டாள். மென்பொருள் அந்த எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் கைவிரித்தது. "அதுக்குத் தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியல சார். உ எடுத்துட்டா வேலை செய்யும்."

புருஷோத்தமன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"பிள்ளையாரை டெலீட் பண்ணணும்னு சொல்றியா?"

"டெலீட் இல்ல சார்..."

"உறுப்பினருங்களே, நீங்களே சொல்லுங்க. சங்கத்துல வச்சு பிள்ளையாரை டெலீட் பண்ணலாமா?"

பண்ணக் கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். குல்லாயைக் கழற்றிவிட்டிருந்த தனக்கோடி மட்டும் கொஞ்சம் யோசித்தார். அவருக்குப் படத்தின் மேல் எந்த ஆசையும் கிடையாது. முட்டிக்குப் போட்டியாக வந்த படம் அது. ஆனால் அவருடைய குவியல்தான் சங்கத்திலேயே பெரியது, அதைப் பனிக்குக் கொடுக்க மனசில்லை.

"நம்ம தெருக் கோயில்ல வாசப்படி கட்டும்போது என்ன செஞ்சோம்?" என்று கேட்டார். "பிள்ளையார் வழியில இருந்தாரு. எடுத்துப் பக்கத்துல தனியா ஒரு மேடை கட்டி உக்கார வச்சோம். அவருக்கும் மரியாதை, நமக்கும் வழி."

அமுதவல்லி இதைப் பிடித்துக்கொண்டாள். டி டிரைவில் ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கி, அதற்கு 'உ' என்று மட்டும் பெயர் வைத்தாள்.

"கடைசியில போய் உக்காந்துடுச்சேம்மா" என்றார் தலைவர். "அவருதானே முதல்ல இருக்கணும்?"

கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் முதலில், தமிழ் பிறகு. அவள் உ-வுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தாள். பிள்ளையார் குதித்து முதல் இடத்துக்கு வந்துவிட்டார். தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்ற ஃபோல்டர்களிலிருந்த சுழிகளை அமுதவல்லி ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசி உ போனதும் மென்பொருளை மூடித் திறந்தாள். சாம்பல் கட்டம் ஒரு தடவை மினுக்கியது. பிறகு கடற்கரை வந்தது, உப்பளம் வந்தது, எக்கியார்குப்பம் வந்தது, அதன் மேல் மஞ்சளும் ஆரஞ்சும் பரவின. முப்பத்தேழு டிகிரி. தென்கிழக்குக் காற்று. ஆறு நாளைக்கு ஒரு சொட்டு மழை கிடையாது. நேற்று இறங்கிய கணக்கை வைத்து, நெட் இல்லாமலே வந்த படம் அது. கண்ணில் தண்ணீர் முட்டியது அவளுக்கு. கைதட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

எல்லார் முகமும் தொங்கிப் போயிருந்தது.

"அப்ப பனி?" என்றார் பின்வரிசைக்காரர்.

"இல்லீங்க."

"கொஞ்சம்கூடவா?"

அந்த நேரத்தில் வாசலில் சின்னப்பாப்பா வந்து நின்றாள். உப்பு வாருகிற பெண்களுக்கு மேஸ்திரி அவள். முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

"தலைவரே, பதினோரு குவியலையும் மூடியாச்சு. கீத்து, தார்ப்பாய், கயிறு, கல்லு, எல்லாம் போட்டாச்சு. மார்கழியில தெனம் விழற பனிக்கு என்னாத்துக்கு இந்த ஆர்ப்பாட்டம்னு தெரியல. அடுத்து என்ன?"

அமுதவல்லிதான் சொன்னாள். "அக்கா, பனி வராதாம். பிரிச்சுடணும்."

சின்னப்பாப்பா அவளைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், குல்லாயைப் பார்த்தாள், கடைசியாகத் தலைவரைப் பார்த்தாள். "மூடச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றார் புருஷோத்தமன்.

"அப்ப பிரிக்கறதையும் நீங்களே வந்து ஆரம்பிச்சு வைங்க. நாங்க தண்ணி குடிச்சுட்டு வர்றோம்."

அப்படித்தான் கத்திரி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு, சங்கத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புக் குவியல் மேல் ஏறினார். பெண்கள் கீழே தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து, எந்தக் கயிற்றை முதலில் அவிழ்க்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டு குவியல் முடிந்ததும் அவர் உச்சியிலேயே உட்கார்ந்து போனை எடுத்தார்.

"நண்பர்களே, முக்கிய அறிவிப்பு. உறுப்பினருங்க கோரிக்கையை ஏத்து, இன்னிக்குச் சாயங்காலப் பனி ரத்து செய்யப்படுகிறது. ஸ்வெட்டரைக் கழட்டிடலாம். நன்றி."

சின்னப்பாப்பா சிரித்துச் சிரித்து, குடித்த தண்ணீர் புரையேறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைவரோடு உப்பளத்துக்கு வந்திருந்த அமுதவல்லி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா அமுதா, அந்தப் பொட்டி நாளைக்கு வெயில் எத்தினி மணிக்கு ஏறும்னும் சொல்லுமா?"

அமுதவல்லி கிளம்பும்போது படத்தைப் போனில் பிடித்து வைத்திருந்தாள். எடுத்துக் காட்டினாள். "இது மணி வாரியா போட்டிருக்குதுக்கா. ஒன்பது வரைக்கும் தாங்கும். பத்துக்கு மேல சுட்டுடும். சாயங்காலம் நாலரைக்குக் காத்து திரும்புது."

சின்னப்பாப்பா அந்த மஞ்சளையும் ஆரஞ்சையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப நாளைக்கு அஞ்சு மணிக்கே இறங்கி ஒன்பதுக்கு ஏறிடறோம். மிச்சத்தைச் சாயங்காலம் பாத்துக்கலாம். தெனம் காலையில இதை எனக்கு அனுப்பிடு, என்ன?"

"சரிக்கா" என்று சொல்லி, அமுதவல்லி அவளுடைய நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.