கழித்தல் குறி

மரங்களுக்கு ஊசி போடுகிறவள் என்பதால் ஆய்வு நிலையத்தில் ஊசியம்மா என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பாலைவன மரங்களின் வேரில் மெல்லிய ஊசிகளைச் செருகி, உள்ளே நீர் ஓடுவதை அளப்பாள். மரத்துக்கு ஏறினால் கூட்டல். மண்ணுக்கு இறங்கினால் கழித்தல்.

அந்த நிலத்தின் வழியே குழாய் போடுகிறவர்கள் பட்டுப்போகிற மரங்களை மட்டுமே வெட்டலாம். மூன்றாம் எண் மரத்தில் நீரோட்டம் இல்லை என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வெட்டி மூன்று வாரமாகிறது. நான்காம் மரத்துக்கும் அப்படியே எழுதி வைத்திருந்தாள். இன்று அனுப்ப வேண்டும்.

போகிற வழியில் அவளுடைய ஜீப் மூன்றாம் மரத்தின் அடிக்கட்டையருகே நின்றது. சுற்றியிருந்த குத்துச்செடிகள் சருகாகிக் கிடந்தன.

"என்ன ஊசியம்மா, மரத்தை வெட்டினா செடி ஏன் சாகுது?" என்றார் டிரைவர்.

"நிழல் போச்சுல்லண்ணே."

"நிழலே விழாத செடியும்தான் காஞ்சிருக்கு. நாலு மாசமா மழையில்ல, அப்பக்கூடப் பச்சையா நின்னுச்சு. அடியில ஊத்து இருக்குன்னுல்ல நினைச்சேன்!"

ஊத்து என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. மடிக்கணினியில் மூன்றாம் மரத்தின் திருத்தாத பழைய பதிவைத் திறந்தாள். பக்கவேரில் இரவெல்லாம் கழித்தல். ஊசியைத் தலைகீழாகச் செருகிவிட்டோம் என்று எண்ணி அத்தனையையும் பூஜ்யமாக்கியிருந்தாள். தலைகீழ் என்றால் பகலிலும் அல்லவா கழித்தல் வந்திருக்கும்? பகலில் கூட்டல் இருந்தது. சொற்பம் என்று அவள் கணக்கில் சேர்க்காதது, ஆனாலும் இருந்தது.

வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும் மரம் இலைத்துளைகளைச் சாத்திக்கொண்டு தன் செலவைக் குறைத்திருக்கிறது. பொழுது சாய்ந்ததும், ஆணிவேர் ஆழத்திலிருந்து எடுத்த நீரைப் பக்கவேர் வழியே காய்ந்த மேல்மண்ணுக்கு விட்டிருக்கிறது.

"அது செத்துக்கிட்டு இருக்கலண்ணே. குடுத்துக்கிட்டு இருந்துச்சு. நான்தான் அதைத் தப்புன்னு அழிச்சிட்டேன்."

டிரைவர் வழக்கம்போல் கிண்டல் செய்யவில்லை. "நாலாம் மரம்?"

"அதுலயும் கழித்தல்தான்."

"அனுப்பிட்டியாம்மா?"

"இல்ல."

"அப்ப சாமி இன்னும் உன் கையை விடல."

அந்த அறிக்கையை அழித்துவிட்டு எழுதினாள்: 'நான்காம் மரம் உயிரோடிருக்கிறது. மூன்றாம் மரமும் உயிரோடுதான் இருந்தது. தவறு என்னுடையது.' அடியில் பெயரைப் போட்டாள். அனுப்பினாள். போன மரம் இதனால் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும்.

டிரைவர் தண்ணீர்க் கேனை இறக்கி, நுனியில் பச்சை மிச்சமிருந்த ஒரே செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"குடிக்கிற தண்ணிண்ணே."

"அதுவும் குடிக்கத்தானம்மா செய்யுது."

அவள் தன் பாட்டிலைத் திறந்துகொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள்.