சிவப்புக் காய்

பகல் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது மூன்றே பேச்சு. "கையை நீட்டுங்க. மடக்குங்க. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு." ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அதற்கு மேல் பேச யார் இருக்கிறார்கள்? கணவனோ கப்பலில். மனுஷக் குரலுக்கு ஏங்கித்தான் குடியிருப்பின் மகளிர் சங்கத்தில் சேர்ந்தாள்.

முதல் நாளே கேரம் ஆட ஓர் ஆள் குறைந்தது; அவளை உட்கார வைத்தார்கள். எதிரணியில் சங்கத் தலைவி. ஊசி போட்டுப் பழகிய விரல், சிவப்புக் காயைச் சுண்டி உள்ளே தள்ளியது. அடுத்த அடியில் இன்னொரு காயும் போட்டுச் சிவப்பைத் தனதாக்கிக் கொண்டாள். மற்றவர்கள் தலைவியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"பரவாயில்லையே, நல்லா ஆடறீங்க," என்றாள் தலைவி, கையிலிருந்த பவுடரைத் தட்டியபடி.

அதன்பின் அவளுக்கு இடமே கிடைக்கவில்லை. "உக்காருங்க மேடம், அடுத்த ஆட்டம்." அடுத்த ஆட்டத்துக்கு மாடியிலிருந்து யாரையாவது போன் போட்டு வரவழைத்தார்கள். அவள் பக்கத்தில் போனால் சிரிப்பு பாதியில் நின்றது.

முதல் நாள் அவளுக்கு ஜோடியாக ஆடிய தையல்கார அக்காவைப் படிக்கட்டில் மடக்கினாள். "நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் இல்லம்மா. சிவப்பு தலைவிக்குத்தான். அவங்க போடற வரைக்கும் நாங்க அதைச் சுத்திச் சுத்தி அடிப்போம்."

"தெரிஞ்சேவா?"

"இல்லன்னா யார்கூட ஆடறது?"

அடுத்த சனிக்கிழமை ஒருத்திக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் இவளைக் கூப்பிட்டார்கள். சிவப்பு குழியின் விளிம்பில் நின்றது. இவள் அடித்தாள். ஸ்ட்ரைக்கர் அதை உரசாமல் தாண்டிப் போனது. தலைவி அலட்டிக்கொள்ளாமல் சிவப்பைத் தள்ளினாள்.

"ஊதினாலே விழுமேடி! இந்தக் கையிலயா ஊசி போடற? உன்கிட்ட கை நீட்டறவங்க பாவம்டி!" என்றாள் தலைவி.

அறையே குலுங்கியது. யாரோ அவள் முதுகில் தட்டினார்கள். யாரோ டீயை நகர்த்தி வைத்தார்கள். இந்த ஊருக்கு வந்தபின் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவளும் சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து! எதிரே தையல்கார அக்கா மட்டும் பலகையை விட்டுத் தலை நிமிரவில்லை.

மறுபடி இவள் முறை. சாதாரணக் காய்தான், நேர்க்கோட்டில், குழிக்கு எதிரே. விரலை மடக்கிக் குறி வைத்தாள். அடிக்குமுன் கண் தானாகவே தலைவியின் முகத்துக்குப் போனது.