வஞ்சி ஏழுக்குச் சாலைக்காரர்கள் போட்ட மார்க்

மலையாளத் தலைநகரில் சாலை என்று பேருள்ள கடைத்தெருவில் ஒரு வியாபாரியின் வாயிலிருந்து வரும் 'நல்லாயிருக்கு' என்ற சொல்லுக்கு விலை, கிலோவுக்கு நாலு ரூபாய். அது மிளகுக்கு. ஏலக்காய் என்றால் நாற்பது. வாங்க வந்தவன் சரக்கை ஒரு தடவை நல்லது என்று சொல்லிவிட்டால் போதும், விற்கிறவன் அந்த நிமிஷமே அதை விலையில் ஏற்றிவிடுவான். அதனால் சாலையில் பிழைக்கிற எவனும் தனக்கு வேண்டிய சரக்கைப் பாராட்டியதில்லை. மிளகை அள்ளி மூக்கில் வைத்து, "பப்பாளி விதை எப்ப வந்துச்சு?" என்று கேட்பான், பத்து மூட்டை எடுக்கப் போகிறான் என்று அர்த்தம். "அருமையான சரக்கு அண்ணாச்சி, பொறவு வாறேன்" என்று போகிறவன் இந்த ஜென்மத்தில் திரும்ப மாட்டான்.

ஜெபசிங்குக்கு இது தெரியாததல்ல. நாலு வருஷமாகச் சாலையில்தான் சுற்றுகிறான். தெரிந்தும் ஒரு மடத்தனத்தைச் செய்தான்.

ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் இருக்கும் கம்பெனி ஒன்று சின்னக் கடைகளுக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் செய்து விட்டிருந்தது. பேர் வஞ்சி. பில், இருப்பு, தராசுக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் ஓடும். சாலைக்கு ஏரியா ஆள் ஜெபசிங். தராசு சர்வீஸ் கம்பெனியில் பி.எஃப். பிடித்தம் உள்ள நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவன். இப்போது அதன் ஏழாவது பதிப்பு, வஞ்சி ஏழு, வந்திருக்கிறது. உள்ளே பழைய யந்திரம்தான். திரையில் தெரிகிற முகப்பு மட்டும் தலைகீழ். இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் கீழே நடுவுக்கு வந்துவிட்டது. திரை முழுக்க ஈ மொய்த்த மாதிரி கிடந்த ஐகான்கள் ஒரே டிராயருக்குள் போய்விட்டன. எதை அடிக்கடி தொடுகிறோமோ அது தானாக மேலே வந்து நிற்கும்.

பன்னிரண்டு கடையில் ஒரு மாதம் சோதனை ஓட்டம். கடைசி நாள் கம்பெனியிலிருந்து ஆள் வந்து கடைக்காரர்களிடம் கருத்துக் கேட்டு, ஐந்துக்கு மார்க் வாங்கிப் போவார்கள். சராசரி மூன்றுக்கு மேல் என்றால் முந்நூறு கடைக்கு ஏழு வரும், ஜெபசிங்கின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். மூன்றுக்குக் கீழே என்றால் கடைப் பிரிவையே மூடுவதாகப் பேச்சு. ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

அந்தப் பயத்தில் முந்தின நாள் சாயங்காலம் பன்னிரண்டு கடையும் ஏறி இறங்கினான். "நாளைக்கு மேடம் வாறாங்க. நீங்க சொல்லுறதை வெச்சுத்தான் இதுக்கு வருஷ வாடகை எவ்வளவுன்னு முடிவு பண்ணுவாங்க. கொஞ்சம் மனசு வெச்சுப் பேசுங்க." ஏனோதானோ என்று பதில் சொல்லாமல் பொறுப்பாகப் பேசட்டுமே என்று நினைத்தான். வியாபாரியிடம் போய் விலை இன்னும் முடிவாகவில்லை என்று சொன்னால் அவன் எவ்வளவு பொறுப்பாகப் பேசுவான் என்பதை நினைக்கவில்லை.

காலை பத்து மணிக்கு ஆதிரா வந்தாள். முப்பது வயதிருக்கும். பக்கத்துப் பேயாடு ஊர்க்காரி; சென்னையில் மூன்று வருஷம் வேலை பார்த்ததில் தமிழ் பேசுவாள், ஓரங்களில் மலையாளம் ஒட்டியிருக்கும். முதல் வேலையாக ஒரு விதியைச் சொன்னாள்.

"ஜெபசிங் சேட்டா, நான் கேக்கும்போ நீங்க ஒண்ணும் பறயண்டா. வாய் திறந்தா அந்தக் கடையை நான் லிஸ்ட்ல இருந்து வெட்டணும். அது ரூல்."

முதல் கடை வன்னியபெருமாள் அண்ணாச்சியுடையது. பருப்பு, வத்தல், மிளகு மொத்த வியாபாரம். திருநெல்வேலியிலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே வந்தவர்கள். ஊர்ப்பேச்சை மட்டும் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

"புதிய முகப்பு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"இதுக்கு முகப்புன்னா பேரு?" அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "ஸ்டார்ட்டு பட்டன் கல்லாவுல இருக்க மொதலாளி மாதிரி மூலையில அடக்கமா இருந்துச்சு. இப்ப வழிமறிச்ச மாடு கணக்கா நடுவுல வந்து நிக்கி. மிச்சத்தையெல்லாம் டிராயர்ல போட்டுப் பூட்டிட்டிய. பேரே வஞ்சி, வஞ்சிக்காம என்ன செய்யும்?"

"அஞ்சில எத்தனை மார்க் தரும்?"

"பூச்சியம் உண்டா?"

"ஒண்ணுதான் குறைஞ்சது."

"அப்ப ஒண்ணு போடும்மா. அதுவும் வெயில்ல வந்த ஒன் மொகத்துக்காக."

இதைச் சொல்லிக்கொண்டே ஆற்றிங்கல் கடைக்காரனுக்கு மூன்றே தட்டில் பில் அடித்து, கிழித்துக் கொடுத்தார். பழையதில் அந்த பில்லுக்கு ஒன்பது தட்டு வேண்டும். ஆதிரா தலையைக் குனிந்து டேப்லட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. ஜெபசிங் பார்த்தான். அண்ணாச்சி அவனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டலில் ஜெபசிங்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆள் வாடகையைக் குறைக்க விலையை அடிக்கிறார். நேற்று இவனே போய் அடிக்கச் சொன்ன மாதிரியே அடிக்கிறார். வாயைத் திறந்தால் கடையை வெட்டுவாள். திறக்காவிட்டால் கழுத்தை வெட்டுவார்கள்.

இரண்டாவது கடை ஒன்று. மூன்றாவது ஒன்று. ஜவுளிக்கடைக்காரர், "இந்தக் கலரைச் சேலையில போட்டா ஆடித் தள்ளுபடியிலயும் போவாது" என்றார், ஒன்று. இரும்புக்கடை சிஜி, "கண்ணு வேதனிக்குது மேடம்" என்று கண்ணைத் துடைத்துக்கூடக் காட்டினாள். மேடம் திரும்பியதும் அந்த வேதனிக்கும் கண்ணாலேயே நட்டும் போல்ட்டுமாக இருபது அயிட்டத்தைச் சரசரவென்று தேடி எடுத்தாள். அதுவும் ஒன்று. கடைக்குக் கடை ஜெபசிங்கின் சட்டை நனைந்துகொண்டே வந்தது. ஒரு இடத்தில் தாங்காமல் இருமினான். ஆதிரா நிமிர்ந்து பார்த்த பார்வையில் இருமல் உள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

பன்னிரண்டாவது, பழவங்காடியில் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே லலிதாம்பாள் மாமியின் தேங்காய்க்கடை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்கள் காலையிலிருந்து இரவு வரை ஓயமாட்டார்கள். டோக்கனை வஞ்சிதான் அடிக்கும்.

"ரொம்ப லட்சணமா இருக்குடி கொழந்தே," என்றாள் மாமி. "பளிச்சுனு, துடைச்சு வெச்ச குத்துவிளக்காட்டம். அஞ்சு போட்டுக்கோ. காபி சாப்பிடறயா?"

ஆதிராவின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. ஜெபசிங்குக்கு மிச்சமிருந்த உயிரும் போயிற்று. வேண்டாத சரக்கைத்தான் இவ்வளவு இனிப்பாகச் சொல்வார்கள். மாமி டோக்கனைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

மூன்றேகாலுக்கு இருவரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார்கள். ஆதிரா கூட்டிப் பார்த்தாள். பதினோரு ஒன்று, ஓர் ஐந்து. பதினாறைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒன்று புள்ளி மூன்று மூன்று.

"அஞ்சு மணிக்கு மெயில் போகணும்," என்றாள். அவள் டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. "எட்டு மாசம் வேலை சேட்டா. டிராயர் ஐடியா என்னோடது."

ஜெபசிங் வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தாளிலேயே போட்டான். உண்மையைச் சொன்னால் இந்த மார்க் செல்லாது என்று நிரூபிக்கலாம். ஆனால் சோதனைக்கு முன்னால் கடைக்காரர்களிடம் போய்ப் பேசியது குற்றம். அவளுடைய ரூலிலேயே இருக்கிறது. சொன்னால் ஒப்பந்தம் அதனால் போகும். சொல்லாவிட்டால் ஒன்று புள்ளி மூன்று மூன்றால் போகும். கத்தி எந்தப் பக்கம் திருப்பினாலும் வெட்டுவது தன் கழுத்தை என்றால், ஒரு பக்கத்தில் முந்நூறு கடையாவது தப்பிக்கட்டும்.

"மேடம், அது மார்க் இல்ல. பேரம்."

எல்லாவற்றையும் சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகம் கல்லாகிக்கொண்டே வந்தது.

"அப்போ இந்தக் கணக்கு மொத்தமும் வேஸ்ட்! ஒரு மாசம்! நீங்க சொல்றதை நான் எப்படி நம்பும்? மார்க் குறைஞ்சதும் வந்து கதை சொல்றீங்கன்னு ஹெட் கேட்டா?"

"நம்ப வேண்டாம். வாயால கேட்டா வாய் பொய்தான் சொல்லும். சரக்கைக் கட்டி எடுத்திட்டு நடங்க. வேணும்னா கூப்பிடுவாங்க. கூப்பிடலைன்னா ஒண்ணு மார்க்கே போட்டு அனுப்புங்க. நானும் வாயை மூடிட்டுப் போறேன்."

அவள் மணியைப் பார்த்தாள். மூன்று நாற்பது. லாப்டாப்பைத் திறந்தாள். பன்னிரண்டு கடைக்கும் அங்கிருந்தே பழைய முகப்பை அனுப்ப முடியும். விரல் பட்டன் மேல் நின்றது.

"கூப்பிடலைன்னா?"

"அழுத்துங்க மேடம்."

அழுத்தினாள்.

மூன்று ஐம்பது ஆயிற்று. ஜெபசிங்கின் போன் பெஞ்சு மேல் மல்லாந்து கிடந்தது. ஒரு தடவை அதிர்ந்தது. லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். நாலு மணி. நாலு பத்து. ஆதிரா மெயிலைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். முதல் வரியில் 'வருத்தத்துடன்' என்று இருப்பதை அவன் எட்டிப் பார்த்தான்.

"வாங்க மேடம், அஞ்சு நிமிஷம்," என்று எழுந்தான். "கேட்க வேண்டாம், பேச வேண்டாம். பாத்தா மட்டும் போதும்."

அண்ணாச்சி கடைக்கு எதிரே வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டி நின்றது. அதன் மறைவில் நின்றார்கள். கல்லாவின் முன்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். பழைய முகப்பு, ஈ மொய்த்தபடி, திரை நிறைய இருந்தது. அண்ணாச்சியின் கை மவுஸைக் கீழே நடுவுக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. மூலைக்குப் போனார், ஏதோ திறந்தது, மூடினார். அடுத்த பில்லுக்கு மறுபடியும் கை நடுவுக்கே போயிற்று. மூன்றாவது தடவை மவுஸைத் தூக்கி மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் வரிசையில் ஒருவர்.

"பஸ்ஸு என்ன எங்க அப்பன் வீட்டு வண்டியா, நிறுத்தி வைக்க?"

ஆதிரா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "கை," என்றாள் மெதுவாக. "கை புதுசுக்குப் பழகிப்போச்சு." டேப்லட்டில் நேரத்தைக் குறித்தாள். வாய்க்குப் பேரம் தெரியும்; கைக்குத் தெரியாது.

ஆனாலும் அண்ணாச்சி கூப்பிடவில்லை. நாலு இருபத்தைந்து. பில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார். விட்டுக் கொடுக்கிற ஆளில்லை. ஜெபசிங் கைவண்டியின் கம்பியை இறுக்கிப் பிடித்தான். வண்டிக்காரன் வந்து, "எடுக்கணும் சேட்டா" என்று வண்டியை நகர்த்திக்கொண்டு போய்விட்டான். இருவரும் நடுத்தெருவில் திருடர்கள் மாதிரி நின்றார்கள்.

அண்ணாச்சி நிமிர்ந்தார்.

"ஏ ஜெபசிங்கு! அங்கன நின்னு என்னவே வேடிக்கை? எடுத்துட்டுப் போறவரு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

"ஒரு மார்க் சரக்குதானே அண்ணாச்சி. எடுத்தா என்ன போச்சு?"

"ஒரு மார்க்குன்னாலும் மார்க்குதானவே! போடும் அதை. வாடகையை ஏத்துவியளா?"

ஆதிரா முன்னால் வந்தாள். "வாடகை என் கையில் இல்ல அண்ணாச்சி. சத்தியமா."

"அப்ப உம்ம கையில என்னவே இருக்கு?" என்று ஜெபசிங்கிடம் திரும்பினார்.

"எனக்குக் காலுதான் இருக்கு."

"அதைக் கொண்டாரும். வருஷத்துக்குப் பன்னெண்டு தடவை, கூப்பிட்ட ஒடனே, காசு கேக்காம சும்மா சர்வீஸுக்கு வரணும்."

"மூணு."

"பத்து. ஒமக்கு மோர் தருவேன்."

"நாலு. மோரு நானே கொண்டாறேன்."

மணி நாலரை. பேரம் ஆறு தடவையில் நின்றது. ஆதிரா அங்கேயே லாப்டாப்பைத் திறந்து புதிய முகப்பைத் திருப்பிக் கொடுத்தாள். வியாபாரம் படிந்த பிறகுதான் அண்ணாச்சி அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "ஒண்ணு சொல்லுதேன் எழுதிக்கோம்மா. டிராயர் நல்ல யோசனை. தேடி அலையண்டாம். ஆனா எழுத்து கடுகு மாதிரி கெடக்கு; மொச்சை அளவுக்காவது ஆக்கு. அந்தப் பட்டன் நடுவுல இருக்கட்டும், ஆனா சரக்கு கொறஞ்சா செவப்பா காட்டணும்." அன்று அவள் எழுதிய முதல் உண்மையான பதில் அது.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. ஒரு கடை மசிந்தால் சாலை முழுக்க அஞ்சு நிமிஷத்தில் தெரியும். "அண்ணாச்சிக்கு ஆறாமே? எனக்கு ஏழு" என்றார் ஜவுளிக்காரர். "எனிக்கு எட்டு. ஞான் பொம்பளை, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வர முடியாது" என்றாள் சிஜி. மணியைப் பார்த்துக்கொண்டே ஜெபசிங் எல்லோருக்கும் படிந்தான். பேரம் பேச நேரமில்லாதவனிடம் பேரம் பேசுவதைப் போல லாபமான தொழில் வேறில்லை.

லலிதாம்பாள் மாமியும் கூப்பிட்டாள். "ஜெபசிங், பழசு வந்துடுத்துப்பா! பிள்ளையார் காப்பாத்தினார். அதை அப்படியே விட்டுடு, புண்ணியமாப் போகும். வரிசையில நிக்கறவா முன்னால அந்த டிராயரைத் தேடி நான் பட்ட பாடு இருக்கே!"

ஆதிரா அதையும் எழுதினாள். நாலு ஐம்பத்தாறுக்கு மெயிலை அவனிடம் காட்டினாள். மார்க்குக்குப் பதிலாக, எடுத்ததைத் திரும்பக் கேட்டவர்களின் கணக்கு. கடைசி வரியில், சோதனைக்கு முன் ஏரியா ஆள் கடைக்காரர்களிடம் பேசியது விதிமீறல் என்று இருந்தது.

"இது வேணுமா மேடம்?"

"வேணும் சேட்டா. இல்லெங்கில் மத்த வரியை யாரு நம்பும்?"

அவள் அனுப்பினாள். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனாள்.

ஜெபசிங் அண்ணாச்சி கடை மூட்டை மேல் உட்கார்ந்து, பில் தாளின் பின்பக்கத்தில் எழுதினான். புதுசு வேண்டும் என்று கூப்பிட்டவர்கள் ஒன்பது. பழசே போதும் என்றவர் ஒருவர். கூப்பிடாதவர்கள் இரண்டு. ஆகக் கடை பன்னிரண்டு, சரி. விதிமீறல் ஒன்று. ஒப்பந்தம் முடிய நாள் ஆறு. கம்பெனி பதில், இதுவரை இல்லை. சும்மா வருவதாக ஒத்துக்கொண்ட நடை அறுபத்தொன்று, அத்தனையும் பாக்கி.