தட்டின் இடது ஓரம்

எனக்குக் கண்வலி வந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சிவந்த கண்ணோடு பொது நுண்ணோக்கியில் கண் வைத்தால் ஆய்வகமே சாபம் விடும். அதனால் கடைசிச் சுற்று எண்ணிக்கையைப் பக்கத்து மேசைக்காரனிடம் ஒப்படைத்தேன். இடக்கைப் பழக்கம் உள்ளவன். நொட்டாங்கை என்றுதான் கூப்பிடுவோம், அவனும் கோபித்துக்கொண்டதில்லை.

வேலை இதுதான். ஈஸ்ட் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் சில புரதங்கள் அங்கங்கே கூட்டம் போட்டு நிற்கும். ஒளிர வைத்தால் பச்சைத் திட்டுகளாகத் தெரியும். ஒரு ஜீனை நீக்கினால் திட்டுகள் கலைகின்றன, ஆகவே கூட்டம் சேர்ப்பது அந்த ஜீன்தான். இது என் இரண்டு வருஷக் கண்டுபிடிப்பு. வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குக் கட்டுரை போனால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் மாசக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்கா வேறு, "என் தங்கச்சி ஜீன் கண்டுபிடிச்சிருக்கா" என்று தம்பட்டம் அடித்தாகிவிட்டது.

மத்தியானம் நொட்டாங்கை தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"தப்பா எடுத்துக்காதே. ஜீன் இல்லாததுலதான் திட்டு நல்லா இருக்கு. சாதாரண செல்லுல கலைஞ்சிருக்கு."

"லேபிளை மாத்திப் படிச்சிருப்ப."

"மூணு தடவை பார்த்தேன்."

"உன்கிட்ட குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவன் தட்டை நீட்டினான். எட்டுக் கண்ணாடித் தகடுகள். வலப்பக்கம் நாலு சாதாரண செல்கள், இடப்பக்கம் நாலு ஜீன் நீக்கியவை. நான் எப்போதும் அடுக்கும் வரிசை.

"எந்தப் பக்கத்திலேருந்து எடுத்த?"

"இடது. ஏன்?"

நான் வலதிலிருந்துதான் எடுப்பேன். ஒரு தகட்டை எண்ணப் பத்து நிமிஷம். ஜீன் நீக்கியவற்றின் முறை வருவதற்குள் அவை நாற்பது நிமிஷம் ஒரு துளி நீரில், சர்க்கரை தீர்ந்து கிடந்திருக்கும். இரண்டு வருஷமும் அப்படியேதான் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வகைக்கொன்று தயாரித்து, உடனுக்குடன் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் திட்டுகள் ஜம்மென்று இருந்தன. நாற்பது நிமிஷம் போட்டுவைத்துப் பார்த்தான். இரண்டிலும் கலைந்துவிட்டன.

"நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்," என்றான். அவன் நல்லவன், அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவன் எடுத்த படங்களோடு பேராசிரியர் அறைக்குப் போனேன். பார்த்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மாசக் கடைசி ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"சரி. கட்டுரையை நிறுத்திடுறேன்."

நடைவழியில் நின்று அழுதேன். கண்வலி என்று நினைத்து எல்லோரும் விலகிப் போனார்கள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "அனுப்பிட்டியாடி? அத்தான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

"இல்லக்கா. அந்த ஜீனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் தினம் வலப்பக்கத்திலேருந்து எடுத்துப் பார்த்திருக்கேன், அதான்."

அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

"அப்ப இடப்பக்கத்திலேருந்து ஒரு தடவை எடுத்துப் பாரேன்டி," என்றாள்.

"பார்த்தாச்சுக்கா," என்றேன்.