இடைகழியில் மாற்று ஆள்

ஓய்வு பெற்று வந்த பட்டாளத்தாருக்கு, தன் வீட்டு முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போய்ச் சேர ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. நடுவில் இருந்தது ஓர் இடைகழி, அவ்வளவுதான். அவர் மனைவி அதை நாளெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்துகொண்டிருந்தாள். மகள் போனில் பேசியபடியே கடந்தாள். அளந்து பார்க்க வந்த கொத்தனார், சுவரில் குறை ஒன்றும் இல்லை, தரை கொஞ்சம் வாட்டம், அதுவும் தண்ணீர் ஓடுவதற்காகத்தான் என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார். பட்டாளத்தார் கால் வைத்தால் மட்டும் அது நீண்டது. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தவர், தலை நரைத்துத்தான் திரும்பியிருந்தார். அத்தனை வருஷத்துத் தூரமும் டிரங்குப் பெட்டியோடு கூடவே வந்து, கிடைத்த இடத்தில் சுருண்டு படுத்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதற்காக, பெட்டியை ஏற்றிவந்த லாரிக்காரர் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை.

வந்த அன்று மனைவி காபியை முன்னறைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் கொடுக்கவில்லை. லீவில் வந்த போதெல்லாம் அவர் முன்னறையில், பார்க்க வந்தவர்களுக்கு நடுவே, பாதி கட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார். அவர் மறுபடி ரயிலேறிய பிறகு அவள் உள்ளே தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். இனி அந்தக் கதை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

“முன்னறை விருந்தாளிக்கு. வீட்டு ஆளுன்னா உள்ள வந்து என்கூட உக்காந்து சாப்பிடுங்க.”

அவருக்கும் அதே ஆசைதான். அதற்காகத்தான் ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். முதல் தடவை செருப்போடு கிளம்பி, ஸ்விட்ச் போர்டைக்கூடத் தாண்ட முடியாமல் பொழுது சாயத் திரும்பிவிட்டார். அடுத்த தடவை பூட்ஸ் போட்டுக்கொண்டார். அப்போதும் முடியவில்லை. மனைவிக்கு முகம் வாடிவிட்டது. வேண்டா வெறுப்பாக வருகிறவர்களுக்குத்தான் வழி நீளும் என்று மகளிடம் சொன்னாள். அது அவர் காதில் விழுந்தது. மழை பிடித்த அன்று காலை, முதுகுப்பையில் கம்பளி, தண்ணீர்க் குப்பி, மகள் திருட்டுத்தனமாகக் கொடுத்த பிஸ்கட் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, தனக்குத் தானே உத்தரவு கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

வழி வருஷங்களில் பின்னோக்கிப் போயிற்று. முதலில் வந்தது, கடைசி வருஷங்களில் அவர் புது ஆட்களைப் பழக்கிய மைதானம். வலது காலோடு வலது கையையே வீசிக்கொண்டு ஒருவன் இன்னும் அங்கே நடந்துகொண்டிருந்தான். அவனைத் திருத்தியதில் பாதி நாள் போயிற்று. அப்புறம் ஒரு பாலம். யாரும் பிடிக்க வராத அந்தப் பாலத்தை அவர் இளமையின் நல்ல பகுதியைக் கொடுத்துக் காத்திருந்தார். அதன் பிறகு மணல். அவருடைய அம்மா இறந்த செய்தி, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த கூடாரம் அங்கேயே அடித்திருந்தது. உள்ளே போகாமல் சுற்றிக்கொண்டு போனார். மகள் மட்டும் தினமும் வந்து பார்த்து, அப்பா அலமாரியைத் தாண்டிவிட்டார் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

சமையலறையில் வெங்காயம் வதங்கும் வாசனை எட்டும் இடத்தில் பனி தொடங்கியது. அங்கே நெட்டையன் சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். கடைசி பெஞ்சில் அவரோடு உட்கார்ந்தவன், அவரோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன், இருபத்தைந்து வயதில் பனியில் இறந்தவன். மாற்று ஆள் வரும்வரை உடலுக்குக் காவல் நிற்க அவரிடம் சொல்லியிருந்தார்கள். புயல் வலுக்கவே, இறங்கி வா என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. மாற்று ஆள் வரவில்லை. உத்தரவுப்படி அவர் இறங்கினார். காவலை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

“என்னடா, இப்படிக் கிழவனாயிட்ட?” என்றான் நெட்டையன்.

பட்டாளத்தார் அவன் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றார். அப்புறம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

“அப்பா, இன்னும் நாலே எட்டு. வாங்களேன்,” என்றாள் மகள்.

“மாத்தாள் வரட்டும்மா.”

“யாருப்பா வருவாங்க?”

அது அவருக்கும் தெரியவில்லை. புருவத்தில் பனி உறைந்தது. இருமல் பிடித்தது. மனைவி சில நாள் பாத்திரங்களை உருட்டிக் கோபத்தைக் காட்டினாள். யாருக்காக நிற்கிறார் என்று மகள் சொன்ன அன்று அடுப்பை அணைத்தாள். ஏதோ ஒரு லீவில் அவர் விட்டுப்போன கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இடைகழிக்கு வந்தாள். அவளும் அதே வகுப்பில் படித்தவள்தான்.

“ஸ்கூல்ல ஒரு நிமிஷம் ஒழுங்கா உக்காந்திருக்கியாடா நீ?” என்று நெட்டையனைக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

“நான் நிக்கிறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

“உனக்குப் பழக்கமில்லையே.”

“காத்துக்கிட்டு நிக்கிறதா? எனக்கா?”

பட்டாளத்தார் குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்தார். பிறகு சல்யூட் அடித்து, முறைப்படி காவலை ஒப்படைத்தார். “ஆள் ஒருத்தர். குளிர் ஜாஸ்தி. வேற தகவல் இல்ல.” அவள் சரி என்றாள்.

மிச்ச வழி சுருக்கமாகவே இருந்தது. பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தபோது மார்பளவு எடுத்த திடலையும் கடைசி பெஞ்சையும், முன்வரிசையில் திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்த இரட்டைச் சடைப் பெண்ணையும் கடந்து சமையலறைக்குள் நுழைந்தார். இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தது. உட்காரவில்லை. இரண்டிலும் போட்டு எடுத்துக்கொண்டு வந்த வழியே பனிக்குத் திரும்பினார்.

“உள்ள போனீங்களா?”

“போனேன். அடுப்புக்கு மேல ஒட்டடை தொங்குது.”

“அது கெடக்கட்டும். உக்காருங்க,” என்றாள்.

நெட்டையனுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்து, முதல் தடவையாகச் சேர்ந்து சாப்பிட்டார்கள். உப்பு கூடியிருந்தது. இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் சாப்பாடு இடைகழியில்தான். காவலை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கல்யாணமாகிப் போன மகளும் வந்தால் ஒரு முறை நிற்கிறாள். சிலிண்டர் கொண்டுவருகிறவர், நெட்டையனின் முழங்கால்கள் வரும் இடத்தில் மட்டும் உருட்டுவதை நிறுத்தி, தூக்கிக்கொண்டு தாண்டிப் போகிறார்.