ஆட்டோவிலேயே விட்ட ஹப்

அமெரிக்காவின் மொன்டானாவில், குளிர்காலத்தில் ஒருவன் வீட்டுக்கு இன்னொருவன் சும்மா போக மாட்டான். வேலை இருக்க வேண்டும். கன்று போட முடியாமல் பசு திணற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பனியில் புதைய வேண்டும். "தனியா இருக்கேன், வாயேன்" என்று கூப்பிட எனக்கு வாய் வராது. இங்கே எவனுக்கும் வராது. பாழாய்ப்போன வீம்பு.

அதனால்தான் என் டிரக்கைப் பழுதாகவே வைத்திருந்தேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற டிரக் அது. உள்ளே இருக்கும் திருகைத் திருப்பினால், ஒரு சின்னப் பம்ப் மெல்லிய குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும். அந்த இழுப்பில், முன்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் ஒரு பல்வளையம் நகர்ந்து அச்சைக் கவ்வும். கவ்வினால்தான் முன்சக்கரம் இழுக்கும். எங்காவது மயிரளவு கசிந்தாலும் போச்சு. ஸ்டியரிங்குக்கு முன்னால் எரியும் விளக்கு மட்டும் நாலு சக்கரமும் இழுப்பதாகக் கூசாமல் புளுகும். என் வண்டியில் இடது ஹப்பின் ரப்பர் வளையம் நைந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஆனாலும் ஒரு வழி உண்டு. ஹப்பின் முகத்திலேயே ஒரு திருகு இருக்கும். அதைக் கையால், காற்றை நம்பியிருக்கும் 'ஆட்டோ'விலிருந்து, எப்போதும் கவ்வியே நிற்கும் 'லாக்'குக்குத் திருப்பிவிட்டால் காற்றும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம். முதல் பனி விழுந்ததும் ஊரே இறங்கித் திருப்பிவிடும். நான் திருப்பவில்லை.

மாடுகளுக்கு வைக்கோல் போடப் போவேன், ஓடைப் பள்ளத்தில் புதைவேன், ஓர்லினைக் கூப்பிடுவேன். நாலு மைல் தள்ளி அவன் பண்ணை. டிராக்டரும் சங்கிலியுமாக வந்து, திட்டிக்கொண்டே இழுத்துப்போடுவான். இழுத்தவனுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பினால் அவமரியாதை. ஒரு மணி நேரம் என் சமையலறையில் உட்கார்ந்திருப்பான். மனைவி என்னை விட்டு பில்லிங்ஸ் நகரத்துக்குப் போய்ப் பதினோரு வருடம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினேன்.

ஜனவரியில் ஒருநாள், சங்கிலி மாட்டக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். எப்போதும் ஹப்பைப் பனி மூடியிருக்கும். அன்று மூடவில்லை.

"யோவ் டெல்மர், என்னய்யா இது? ஹப்பு ஆட்டோல நிக்குது!"

"அப்படியா?"

"அப்படியாவா? நாப்பது வருஷமா வண்டி ஓட்டுற. மண்டைக்குள்ளயும் காத்து கசியுதா?"

கையுறையைக் கழற்றி இரண்டு ஹப்பையும் அவனே லாக்குக்குத் திருப்பினான். "இனிமே என்னைக் கூப்பிடுற வேலையே உனக்கு இல்ல." பசு ஒன்று கன்று போடப்போகிறது என்று காபிக்குக்கூட நிற்கவில்லை.

பதினைந்து நாள் டிரக் எங்கேயும் மாட்டவில்லை. சனியன், எந்தப் பனியிலும் ஏறி இறங்கியது. நாயிடம் பேசிப் பார்த்தேன். அதுவும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது. மனுஷக் குரல் கேட்காமல் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

பதினாறாம் நாள் காலையில் இறங்கி, இரண்டையும் ஆட்டோவுக்கே திருப்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது. பள்ளத்துக்கு ஓட்டிப்போய், மிதித்து, நன்றாகப் புதைத்துவிட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"மறுபடியும் மாட்டிக்கிட்டேன்."

திருகு தானாகத் திரும்பாது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"எங்க?"

"அதே பள்ளம்."

"ம்" என்று வைத்துவிட்டான். இனி வரமாட்டான் என்றே நினைத்தேன்.

அரைமணி நேரத்தில் வந்தான். டிராக்டர் இல்லை, தன் பிக்கப்பில் வந்தான். முழங்காலில் உட்கார்ந்து பனியைக் கையால் தோண்டி, இரண்டு ஹப்பையும் லாக்குக்குத் திருப்பினான். பிறகு ஒரு பிளாஸ்கோடு என் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"சங்கிலி எங்கய்யா?" என்றேன்.

"அது எதுக்கு? காபிய ஊத்து." கையைத் துடைத்துக்கொண்டான். "செவ்வாக்கிழமை வீட்டுக்கு வரேன். அதுக்குன்னு வண்டியப் பொதைக்காத, என்ன?"

ஊற்றும்போது என் கை நடுங்கிக் காபி சிந்தியது.

"குளிரு" என்றேன்.

"ஆமாமா, குளிருதான்" என்றான்.