கொம்பியூட்டர் நின்ற பதினொரு தடவை

ஏறாவூர்ச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது செசீலியாவின் வலது கை மரத்துப்போயிருந்தது. தாள்கட்டின் பாரம். கொழும்பில் அவள் புரோகிராம் எழுதும் வேலை பார்க்கும் திணைக்களத்துக் கொம்பியூட்டர் கடைசியாக நின்றபோது, அதன் ஞாபகத்தில் கிடந்த அத்தனை எண்களையும் அச்சடித்து எடுத்த தாள்கள். ஏழுக்கு மேல் இலக்கமே இல்லாத யந்திரக் கணக்கு, எட்டும் ஒன்பதும் வராத எண்கள். மூன்று கிழமையாக அவற்றையே பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் அந்த வரிசைகள்தான் ஓடின. காலையில் ரயிலில் வந்திறங்கி, மட்டக்களப்பு வீட்டில் முகத்தைக் கழுவிக்கொண்டு, அம்மா வைத்த இடியப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தாள்.

மார்ச்சிலிருந்து பதினொரு தடவை நின்றுவிட்டது. விளக்குகள் எரிந்தபடி இருக்கும். வேலை மட்டும் நடக்காது. அதே மார்ச்சில்தான் ஹமீட் ஒப்பரேட்டராகச் சேர்ந்தான். பதினொரு தடவையும் வேலையில் நின்றது அவன்தான். பிழையான பொத்தானை அமத்துகிறான் என்று முடிவுகட்டி, வேலையிலிருந்து இடைநிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை விசாரணை. ஒரு பொத்தானால் அது அப்படி நிற்காது என்று செசீலியாவுக்குத் தெரியும். வேறு எதனால் என்றுதான் தெரியவில்லை.

கதவைத் திறந்தது அவன் மனைவி ஸாலிஹா. வந்தவள் யார் என்று கேட்டு அறிந்ததும் முகம் இறுகியது. விலகி வழிவிட்டாள். செசீலியா ஹமீட்டின் முன்னே சீமெந்துத் தரையில் தாள்களை விரித்தபோது வறண்ட கச்சான் காற்று அவற்றைத் தூக்கியது. ஸாலிஹா போய் அம்மிக்குழவியை எடுத்துவந்து ஒரு மூலையில் வைத்தாள்.

தான் ஒன்றும் செய்யவில்லை என்றே ஹமீட் திரும்பத் திரும்பச் சொன்னான். விசாரணைக்குப் பாடமாக்கிய குரல். பிழை தேடி வரவில்லை, எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை செய்வீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள் செசீலியா. தகவல் பதியும் காந்த நாடாவான ரேப்பில் தொடங்கி, அவன் யோசித்து யோசித்துச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"ரேப் திரும்பச் சுத்த ரெண்டு நிமிசம் போகும் மிஸ். மத்தவங்க அது முடியுமட்டும் சும்மா இரிப்பாங்க. நான் அதுக்குள்ள பிரிண்டருக்குப் பேப்பர் மாத்திருவன். மாத்திட்டு நான் பொத்தான அமத்தவும் ரேப் சுத்தி முடியவும் சில நேரம் ஒண்டா வரும்."

செசீலியா தாள்களின் பக்கம் திரும்பினாள். எல்லா வேலைகளையும் மேய்க்கும் பிரதான புரோகிராம் ஒன்று அந்த யந்திரத்தில் உண்டு. பிரிண்டர் கூப்பிட்டால், செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, திரும்ப வேண்டிய இடத்தை ஞாபகத்தின் ஒரு அறையில் குறித்துவைத்துவிட்டுப் போகும். அந்த நேரம் பார்த்து ரேப்பும் கூப்பிட்டால் இன்னொரு அறையில் குறிக்க வேண்டும். அந்த இன்னொரு அறை இப்போது இல்லை. பெப்ரவரியில் ஞாபகத்தில் இடம் போதாமல் தவித்தபோது, இரண்டும் எதற்கு, ஒன்று போதும் என்று மாற்றி எழுதியவள் அவள்தான். கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்கள்.

முழந்தாளிட்டு அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். குறித்த எண்ணின் மேல் வேறொரு எண் விழுந்திருந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டியவன் பாதித் தெருவுக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்பதைப் போல, புரோகிராம் அதே நாலு வரிக்குள் சுற்றிக்கொண்டு கிடந்திருக்கிறது. மூன்று கிழமையாக இந்த எண்ணையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தான் எழுதியதையே சந்தேகிக்கத் தோன்றவில்லை.

கண்டுபிடித்தால் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். தரையிலேயே படுத்துவிடலாம் போலிருந்தது.

"உங்கட பிழை இல்ல, ஹமீட்."

"அப்ப ஆர்ட பிழை?"

"என்ட."

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. வேகமாகச் செய்ததுதான் தன் குற்றமா என்று மெதுவாகக் கேட்டான்.

அடுப்படி வாசலில் நின்ற ஸாலிஹாதான் பேசினாள். "இத எழுதித் தருவீங்களா?"

செசீலியா எழுதினாள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கீழே கையெழுத்து, திகதி. பெண்பிள்ளை இரக்கப்பட்டு எழுதியது என்று தலைமை அதிகாரி சிரிக்கக்கூடும். நம்பினாலும் அடுத்து இடைநிறுத்துவது யாரை என்று அவளுக்குத் தெரியும். ஹமீட் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. தெருவில் கானல் ஆடியது. பின்னால் வந்த ஸாலிஹா கறுப்புக் குடையை விரித்து செசீலியாவின் தலைக்கு மேல் பிடித்தாள். குடைக்கு வெளியே நின்ற ஸாலிஹாவின் தோளில் மத்தியான வெயில் விழுந்துகொண்டிருந்தது. காற்று குடையை மறுபக்கம் புரட்டப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் வரும் பக்கமே பார்த்தபடி நின்றாள்.